பக்கத்து மனையில் பெரிய கட்டடம் வருகிறதா? தர்மபுரிக்காரர்கள் ஆட்சேபணை கொடுப்பது எப்படி

தெருவில் ஜேசிபி வந்து நின்ற பிறகு கூட்டம் கூடுவது நம் ஊர் வழக்கம். சத்தம் போட்டால் அன்றைக்கு வேலை நிற்கும். மறுநாள் காலையில் உரிமையாளர் அனுமதி உத்தரவை எடுத்து நீட்டுவார், பேச்சு அதோடு முடிந்துவிடும். பிளான் கோப்பு அதிகாரியின் மேசையில் இருக்கும்போதே நம் மனு அதே கோப்புக்குள் போய்ச் சேர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற நில அளவர். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பும் பின்பும் இந்தப் பக்கத்துத் தாலுகா அலுவலகங்களிலேயே சர்வீஸ் முழுக்கப் போனது. இப்போது தெருக்காரர்கள் புலப்படத்தை (ஒரு சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் நில அளவைப் படம்) தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். பக்கத்தில் கல்யாண மண்டபம் வருகிறது, ஓடையை மூடி லேஅவுட் போடுகிறார்கள், பூங்கா இடத்தில் கடை கட்டப் போகிறார்களாம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை. அவர்களுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முடிவு யார் கையில்

கவுன்சிலரைப் பார்த்தால் போதும், கூட்டத்தில் நிறுத்திவிடுவார் என்று பலரும் நம்புகிறார்கள். தனியார் கட்டட அனுமதி பெரும்பாலும் மன்றக் கூட்டத்துக்கு வருவதே இல்லை. அது நிர்வாக முடிவு. ஓரளவு வரைக்குமான கட்டடங்களுக்கு நகராட்சி ஆணையாளர் அனுமதி கொடுப்பார், அவருக்குக் கீழே நகரமைப்புப் பிரிவு ஆய்வு செய்யும். அந்த அளவைத் தாண்டினால் கோப்பு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும். இன்னும் பெரிது என்றால் சென்னையில் இயக்குநர் அலுவலகம். அங்கே தொழில்நுட்ப ஒப்புதல் ஆனதும் கட்டட உரிமம் கொடுக்க மறுபடி உள்ளாட்சிக்கே திரும்பி வரும். ஆக ஒரே மனுவை இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு இடத்தில் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் அடுத்த மேசையில் வேலை நடந்துகொண்டே இருக்கும்.

சின்ன வீடுகளுக்கு இப்போது சுயசான்று முறை இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைதளமோ தரையும் ஒரு மாடியுமோ கட்டுபவர்கள் ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நேரில் வந்து பார்த்த பிறகு அனுமதி என்ற பேச்சு அதில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த வழியில் கட்டுகிறார் என்றால், முன்கூட்டி ஆட்சேபிக்க உங்களுக்கு நேரமே இருக்காது. கட்டும்போது அவர் சொன்ன அளவுப்படி கட்டுகிறாரா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

மன்றத்துக்கு வருகிற விஷயங்களும் உண்டு. குடியிருப்பு என்று வகைப்படுத்திய இடத்தை வணிகமாகவோ தொழிற்சாலையாகவோ மாற்றக் கேட்டால் உள்ளாட்சியின் தீர்மானம் கேட்பார்கள். நகராட்சிக்குச் சொந்தமான இடத்தைக் குத்தகைக்கு விடுவது, லேஅவுட்டில் ஒப்படைத்த பூங்கா இடத்தில் வேறு எதையாவது கட்டுவது, சந்தையையோ பேருந்து நிலையத்தையோ இடம் மாற்றுவது எல்லாம் மன்றப் பொருளாக வரும். கவுன்சிலரின் பலம் அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். நகரத்தை ஒட்டி இலக்கியம்பட்டி மாதிரி வளர்ந்த பகுதிகளில் ஒரே சாலையில் ஒரு பக்கம் ஒரு உள்ளாட்சி, இன்னொரு பக்கம் வேறு உள்ளாட்சி என்று இருக்கும். எல்லைகளும் அவ்வப்போது மாறும். சம்பந்தப்பட்ட மனையின் சர்வே எண் எந்தக் கிராமத்தில் வருகிறது, சொத்து வரி எங்கே கட்டப்படுகிறது என்று உறுதி செய்யாமல் மனு எழுதாதீர்கள். தப்பான அலுவலகத்துக்குப் போன மனு, "உரிய அலுவலகத்தை அணுகவும்" என்ற ஒரு வரியோடு திரும்பி வரும், அதற்குள் மாதம் ஓடியிருக்கும். ஊராட்சிப் பகுதியாக இருந்தால், தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். நம் மாவட்டத்தில் 2025 ஜனவரியில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்ததும் அப்படித்தான் ஆனது. மனுவை வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் கொடுங்கள்.

எது எடுபடும், எது எடுபடாது

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் 49-வது பிரிவு அனுமதி விண்ணப்பத்தைப் பற்றியது. எதற்காக அனுமதி கேட்கிறார்கள், அந்த நோக்கத்துக்கு அந்த இடம் ஏற்றதா, அந்தப் பகுதியின் வருங்கால வளர்ச்சிக்கு ஒத்துவருமா என்பதை அனுமதி கொடுப்பவர் பார்க்க வேண்டும் என்கிறது. அளவுகள் எல்லாம் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கின்றன. சாலை அகலம், பக்க இடைவெளி, உயரம், வண்டி நிறுத்தும் இடம், நீர்நிலையிலிருந்து விலகல், லேஅவுட்டில் விட வேண்டிய திறந்தவெளி என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. உங்கள் ஆட்சேபணை இவற்றில் ஒன்றிலாவது கால் ஊன்றி நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டு மதிப்பு குறையும், காற்று வராது, இத்தனை நாள் அமைதியாக இருந்தோம் என்றெல்லாம் எழுதினால் அதிகாரி படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். அந்த வருத்தம் உண்மையாகவே இருக்கலாம். அதை வைத்து அவர் ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்க முடியாது. பக்க இடைவெளி விதிப்படி இல்லை என்று எழுதினால் அதே காற்று விஷயம் எடுபடும்.

சில மனுக்களை நான் தொடவே மாட்டேன். இன்ன சாதிக்காரர்கள் குடிவரப் போகிறார்கள், இன்ன மதத்தார் வழிபாட்டு இடம் வருகிறது, அதனால் போக்குவரத்து நெரிசல் என்று காரணம் எழுதித் தாருங்கள் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். நீங்களும் அந்த மாதிரி மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். விதியை ஒருவருக்கு எதிராக மட்டும் எடுத்துப் பிடிப்பது அநியாயம். நாளைக்கு ஓடைக்காகவோ பூங்காவுக்காகவோ அதே தெரு மனு கொடுத்தால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

காகிதம் சேர்ப்பது

முதல் வேலை சர்வே எண். அது கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக வரும். அரசின் மின்சேவைத் தளத்தில் பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு மூன்றையும் பார்க்கலாம். நகரத்துக்குள் நகர நில அளவை நடந்த இடம் என்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வேறு கணக்கில் இருக்கும். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'அ' பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அது நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்று இருக்கும். புறம்போக்கு என்றால் ஓடையா, வண்டிப்பாதையா, ஏரியா என்ற குறிப்பும் சேர்ந்திருக்கும். மனையை ஒட்டி ஓடைப் புறம்போக்கு இருந்தால் உங்கள் கையில் வலுவான காரணம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் அன்னசாகரம் ஏரி, ராமக்காள் ஏரி, சனத்குமார நதி என்று தண்ணீர் போகும் வழிகள் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடையைப் பார்த்து, இதில் எங்கே தண்ணீர் வரப் போகிறது என்று கேட்பார்கள். ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை பெய்தால் போதும், எந்த வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று தெரிந்துவிடும். காய்ந்த ஓடையைப் படத்தில் கோடாகக்கூடக் காட்டாமல் லேஅவுட் வரைந்ததை நான் பார்த்திருக்கிறேன். புலப்படத்தில் அந்த ஓடை இருக்கும். அதன் நகலை இணைத்து, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்று மனுவில் கேளுங்கள்.

நகரத்தைத் தாண்டி, முழுமைத் திட்டம் (எந்த இடம் குடியிருப்பு, எது வணிகம் என்று ஊருக்கே வகுத்து வைக்கும் மாஸ்டர் பிளான்) எதிலும் வராத ஊர்ப்புறத்தில் விவசாய நிலத்தை மனையாக்குகிறார்கள் என்றால் அதற்கு 2017-ல் தனி விதிகளே வந்தன. வேளாண் துறையின் கருத்தும் கேட்க வேண்டும், நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். அந்தக் கடிதங்கள் கோப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

விண்ணப்பதாரர் என்ன பிளான் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஏன் அனுமதி கொடுத்தீர்கள், இது நியாயமா என்று கேட்டால் "கேள்விகளுக்கு விளக்கம் அளிக்க இயலாது" என்று பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள். இந்த மனைக்கு வந்த திட்ட அனுமதி விண்ணப்பத்தின் நகல், உடன் கொடுத்த மனை வரைபடம், சாலை அகலம் குறித்த களஆய்வு அறிக்கை, மற்ற துறைகளின் தடையின்மைச் சான்றுகள், கோப்பின் குறிப்புப் பக்கங்கள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். கடைசியில், "கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கோருகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது. கோப்பை நேரில் புரட்டும்போது, நகலில் கேட்க மறந்த காகிதம் ஒன்று கட்டாயம் கண்ணில் படும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்கும் மேலே 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆனால் ஆர்.டி.ஐ. பதில் வரட்டும், பிறகு ஆட்சேபணை கொடுக்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தெரிந்ததை வைத்து முதல் மனுவை உடனே கொடுங்கள். ஆவணம் வந்ததும் கூடுதல் மனு கொடுக்கலாம்.

தெருவை அளப்பது

பெரிய கட்டடங்களில் தகராறு பெரும்பாலும் சாலை அகலத்தில்தான் வந்து நிற்கும். கட்டடத்தின் பயன்பாட்டுக்கும் உயரத்துக்கும் ஏற்ப அதன் முன்னால் குறைந்தது இவ்வளவு அகலத்தில் சாலை இருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. மனை வரைபடத்தில் ஒரு எண் எழுதியிருப்பார்கள். அது சரியா என்று தெரிய டேப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

30 மீட்டர் ஃபைபர் டேப் ஒன்று வாங்குங்கள் அல்லது மேஸ்திரியிடம் இரவல் கேளுங்கள். விடிகாலையில் போங்கள், வண்டிகள் குறைவாக இருக்கும். இரண்டு பேர் வேண்டும், படம் எடுக்க மூன்றாவது ஆள் இருந்தால் நல்லது. ஒரு பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரின் அடியிலிருந்து எதிர்ப்பக்கச் சுவரின் அடிவரை, சாலைக்கு நேர்குறுக்காக டேப்பைப் பிடியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் அகலம் கூடிக் காட்டும். டேப் தொய்யக் கூடாது. சுவரிலிருந்து சாக்கடை, சாக்கடையிலிருந்து தார் விளிம்பு, தார், மறுபக்கம் அதே மாதிரி என்று உட்பிரிவு அளவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய ரோட்டிலிருந்து தெரு பிரியும் வாயில், மனைக்கு நேர் எதிரே, நடுவில் குறுகும் இடம் எல்லாவற்றிலும் அளக்க வேண்டும். தீயணைப்பு வண்டி நுழைவது அகலமான இடத்தைப் பொறுத்து இல்லை, குறுகலான அந்த ஒரு இடத்தைப் பொறுத்துத்தான். டேப்பில் எண் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம், இரண்டு பக்கத்து வீடும் தெரியும்படி தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். கையால் வரைந்த படத்தில் எல்லாவற்றையும் மீட்டரிலேயே எழுதுங்கள். அடிக்கணக்கில் எழுதினால் பிளானோடு ஒப்பிடும்போது குழப்பம் வரும்.

பென்னாகரம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இப்படி அளந்தோம். உத்தேச மண்டபத்தின் பிளானில் சாலை 9 மீட்டர் என்று போட்டிருந்தது. மனைக்கு முன்னால் கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. தெருவின் வாயில் அருகே 6.4 மீட்டர்தான். புலப்படத்தை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் பாதை அகலமாகத்தான் இருக்கிறது. அப்படியானால் தரையில் குறைந்தது எப்படி? இரண்டு பக்கமும் வீட்டுக்காரர்கள் போட்ட வாசப்படி, வண்டி ஏற்றும் சாய்தளம், துணி துவைக்கும் கல். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் சிலருடைய வாசப்படியும் அதில் உண்டு.

இதை மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு பொறியாளர் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார். அந்தத் தெருவில் உட்கார்ந்து பேசினோம். வயதான அம்மா ஒருவர், "என் படிய நானே இடிச்சுக்கறேன் தம்பி, ஆனா நாளைக்கு நூறு காரு வந்து இந்தச் சந்துல நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் மனுவின் மையமாக வைத்தோம். ஆக்கிரமிப்பை எடுத்த பிறகும் விழா நாளில் வருகிற வண்டிகளுக்குப் பார்க்கிங் எங்கே, பிளானில் காட்டிய பார்க்கிங் அந்த மண்டபத்தின் பரப்புக்கு விதி கேட்கும் அளவு இருக்கிறதா, தீயணைப்பு வண்டி எந்த வழியாக உள்ளே வரும்? எல்லாவற்றுக்கும் பிளானைப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும்.

மனு எழுதும் முறை

மனு ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. பொருள் வரியை அலுவலக நடையிலேயே எழுதுங்கள். கோப்பில் சேர்க்கும் உதவியாளர் அந்த வரியை வைத்துத்தான் எந்தக் கோப்பு என்று தேடுவார்.

"பொருள்: தர்மபுரி நகராட்சி – வார்டு எண் … – நகர அளவை எண் … – உத்தேச திருமண மண்டபக் கட்டடம் – திட்ட அனுமதி வழங்கும் முன் ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக."

அதன்பின் இப்படிப் போகலாம்:

"மேற்படி மனைக்குச் செல்லும் ஒரே வழியாக விண்ணப்பத்தில் காட்டப்பட்டுள்ள தெருவின் அகலம் 9 மீட்டர் எனக் குறிப்பிடப்பட்டுள்ளது. நேரில் அளந்ததில் தெருவின் முகப்பில் 6.4 மீட்டர் மட்டுமே உள்ளது. அளவுப் படம், புகைப்படங்கள், புலப்பட நகல் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. எனவே, நில அளவைத் துறையுடன் சேர்ந்து தெரு முழுவதையும் அளந்து கோப்பில் பதிவு செய்யவும், வாகன நிறுத்த ஏற்பாட்டை விதிகளின்படி சரிபார்க்கவும், முடிவெடுக்கும் முன் எங்களை நேரில் விசாரிக்கவும், எடுக்கும் முடிவின் நகலை எங்களுக்கு வழங்கவும் கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி இரண்டு கோரிக்கையையும் விட்டுவிடாதீர்கள். விசாரிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால்தான், விசாரிக்காமல் முடிவெடுத்தார்கள் என்று பின்னால் சொல்ல முடியும். முடிவின் நகல் கையில் இருந்தால்தான் மேல்முறையீட்டுக்கு நாள் கணக்குப் பார்க்க முடியும்.

கையெழுத்துப் போடுபவர்கள் கதவு எண்ணோடு போடட்டும். ஐந்து தெருவில் சேர்த்த இருநூறு கையெழுத்தைவிட, அந்த ஒரு தெருவில் இருக்கிற இருபது வீட்டுக் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கொஞ்சம் பொறுங்கள், அதிகாரி வரட்டும் என்றால், சரி என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ஒப்புகை அட்டையோடு அஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒரு நகல் போகட்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் இன்னொரு நகல் கொடுங்கள். அங்கே கணினியில் ஏற்றி எண் கொடுப்பார்கள். அந்த எண்ணுக்கு ஒரு பதில் வந்தே ஆக வேண்டும்.

இதற்கிடையில் விண்ணப்பதாரரைப் போய்ப் பாருங்கள். பலர் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். அவரும் பணம் போட்டு இடம் வாங்கியவர், நாளைக்கும் அதே தெருவில் முகம் பார்க்க வேண்டியவர். நான் சொன்ன மண்டபத்தில், மனையின் பின்பக்கம் பெரிய ரோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே பழைய கடை ஒன்று இருந்ததால் வாசலைத் தெருப்பக்கம் வைத்துவிட்டார்கள். "கடையை எடுத்துட்டு வாசலை ரோட்டுப் பக்கம் வெச்சுக்கங்கண்ணா, உங்களுக்கும் கார் வர்றதுக்கு வசதி, எங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்று தெரு இளைஞர்கள் போய்ப் பேசினார்கள். முதலில் கோபப்பட்டவர், அளவுப் படத்தைப் பார்த்ததும் பொறியாளரைக் கூப்பிட்டார். திருத்திய பிளான்தான் பிறகு அனுமதிக்குப் போனது. பார்க்கிங்கைத் தரைதளத்துக்கே கொண்டுவந்தார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது ஏற்கெனவே சட்டம்தான், அதையும் எழுதிக் கொடுத்தார்.

மன்றத்துக்கு வரும்போது

நிலப் பயன்பாட்டு மாற்றம் என்றால் நாளிதழில் விளம்பரம் வரும், ஆட்சேபணைக்குக் கெடுவும் அதிலேயே இருக்கும். பொடி எழுத்தில், ஏல அறிவிப்புகளுக்கு நடுவே வரும். குடியிருப்போர் சங்கம் இருந்தால் ஒருவர் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம். கெடு நாளுக்குள் எழுத்தில் போகாத ஆட்சேபணை அந்தக் கோப்பில் இருக்காது. ஊர் முழுவதற்கும் முழுமைத் திட்டம் தயாரித்து வெளியிடும்போது ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அப்போது உங்கள் தெரு எந்த வண்ணத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வரைவில் குடியிருப்பு என்று இருக்க வேண்டியது வணிகம் என்று இருந்தால், திருத்துவதற்கு அதைவிட எளிதான நேரம் வராது.

தர்மபுரி நகராட்சியில் 33 வார்டு. கூட்டத்துக்கு முன் உறுப்பினர்களுக்குப் பொருள் நிரல் அனுப்புவார்கள். அது வந்ததும் ஒரு நகல் காட்டச் சொல்லி உங்கள் வார்டு உறுப்பினரிடம் முன்பே கேட்டு வையுங்கள். நூறு பொருளை ஒரு மணி நேரத்தில் "படிக்கப்பட்டது, அங்கீகரிக்கப்பட்டது" என்று முடிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்த வேகத்தில் உங்கள் பொருளும் போய்விடக் கூடாது என்றால், யாராவது ஒரு உறுப்பினர் எழுந்து பேச வேண்டும். அவரிடம் வெறும் கோரிக்கையோடு போகாதீர்கள். அரைப் பக்கக் குறிப்பு, படம் ஒன்று, புலப்பட நகல் ஒன்று கொடுங்கள். "அக்கா, நீங்க எதிர்த்துப் பேசினா மட்டும் போதாது, என் ஆட்சேபணையைத் தீர்மானத்துல பதிவு பண்ணுங்கன்னு சொல்லணும்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவாகாத பேச்சு அன்றோடு காற்றில் போய்விடும். பக்கத்து வார்டு உறுப்பினர்களையும் பாருங்கள், கட்சி பார்க்காமல் பாருங்கள்.

நீங்கள் பார்வையாளராக உட்கார்ந்து கேட்கலாம், பேச முடியாது. உங்களுக்குப் பேச இடம் இருப்பது, வார்டு மக்கள் பகுதி பகுதியாகக் கூடும் பகுதி சபாவில்தான். ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். பேசினால் மட்டும் பலன் இல்லை, தீர்மானமாக எழுத வைத்து, பதிவேட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வாருங்கள். மன்றத் தீர்மானம் சட்டத்துக்கு மாறாக இருந்தால் அதை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. அதற்கும் தீர்மான நகல்தான் அடிப்படை.

பூங்கா இடம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேலான லேஅவுட்டில், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதைப் பணமாகக் கட்டிக் கழிக்க முடியாது, இடமாகவே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் அந்த இடங்கள் பல சீமைக்கருவேலம் மண்டி, குப்பை கொட்டும் இடமாகக் கிடக்கின்றன. சும்மா கிடக்கிறதே என்று ஒரு நாள் அதில் வேறு கட்டடம் கட்டத் தீர்மானம் வரும். உங்கள் லேஅவுட்டின் அங்கீகார வரைபட நகலையும் தானப் பத்திரத்தின் எண்ணையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் வேலி, "பொதுத் திறந்தவெளி" என்று அங்கீகார எண்ணோடு ஒரு பலகை, நாலு வேப்பங்கன்று வைக்கச் சொல்லி நகராட்சியிடம் கேளுங்கள். நம் பக்கத்து பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991-ல் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதியில் குடியிருந்தவர்கள். பூங்கா விஷயத்தில் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவருக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்பதற்கு இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள்.

அனுமதி கொடுத்துவிட்டால்

நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79-வது பிரிவில் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, இரண்டு மாதக் கெடு. நாள் கடத்தாதீர்கள். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் சென்னைதான், மதுரைக் கிளை வராது. வழக்கறிஞர் முதலில் கேட்பது முத்திரை போட்ட உங்கள் மனு நகலைத்தான். உங்கள் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்ற உத்தரவு கிடைப்பதுதான் வழக்கம். கட்டடத்தையே நீதிமன்றம் உடனே நிறுத்திவிடும் என்று எதிர்பார்த்துப் பணம் திரட்டாதீர்கள்.

அனுமதி சரியாகவே கொடுக்கப்பட்டிருந்தாலும் கட்டுவது அதன்படி இருக்க வேண்டும். கட்டுமான இடத்தில் அங்கீகரித்த வரைபடத்தைக் கட்டி முடிக்கும்வரை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17-ல் சொல்லியிருக்கிறது. பணி முடிப்புச் சான்று பார்த்த பிறகே மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு கொடுக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. அந்த வரைபடத்தை வைக்கவில்லை என்றால் அதையே முதல் புகாராக எழுதுங்கள். மீறிக் கட்டினால் வேலையை நிறுத்தவும் மீறிய பகுதியை அகற்றச் சொல்லவும் அதே சட்டத்தின் 56, 57-வது பிரிவுகளில் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. புகாரில் அனுமதி எண்ணையும், பிளானில் உள்ள அளவையும், தரையில் உள்ள அளவையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.

இதையெல்லாம் அஸ்திவாரம் தோண்டும்போதே செய்ய வேண்டும். சுண்ணாம்புக் கோடு போட்டதும், பக்கத்துச் சுவரிலிருந்து அந்தக் கோடு வரை அளந்து பாருங்கள். பிளானில் இரண்டு மீட்டர் என்று இருந்து தரையில் ஒன்றரை இருந்தால் அன்றைக்கே மேஸ்திரியிடமும் உரிமையாளரிடமும் சொல்லுங்கள், அன்றைக்கே எழுதியும் கொடுங்கள். கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு போட அரை மணி நேரம் ஆகாது.